முகவரி தெரிந்த ஆமை

ஒரு விலங்கைப் புதிய இனம் என்று அறிவிப்பவர், அது எங்கே கிடைத்தது என்பதையும் சேர்த்தே எழுதுவார். பெரும்பாலும் அந்த இடம் ஒரு மலைச்சரிவாக இருக்கும்; அல்லது யாரும் போகாத ஓர் ஓடைக்கரையாக இருக்கும். 1875-இல் ஜான் ஆண்டர்சன் விவரித்த ஆமைக்கு வாய்த்த முகவரி வேறு மாதிரி. சிட்டகாங் நகரை ஒட்டிய ஒரு தர்காவின் குளம் அது.

ஆண்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர், கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம் உருப்பெற்ற காலத்தில் அதன் பொறுப்பில் இருந்தவர். இந்த ஆமைக்காக அவர் புலி நடமாடும் காட்டுக்குள் போக வேண்டியிருக்கவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் குளத்துக்கு வழி சொல்லியிருப்பார்கள். ஜனங்கள் கையால் தீனி கொடுத்து வளர்த்த பிராணியைத்தான் அறிவியல் ‘புதிய இனம்’ என்று தன் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டது. பதிவேட்டுக்குத்தான் அது புதியது. பெரிய உடம்புள்ள விலங்குகளில், பக்கத்து ஊர்க்காரருக்கு முன்பே தெரியாமல் அறிவியலுக்குத் தெரியவந்தவை சொற்பம்.

இதன் இன்றைய அறிவியல் பெயர் நில்சோனியா நைக்ரிகன்ஸ். கறுப்பு மென்னோட்டு ஆமை என்று சொல்லலாம். நம்மூர் ஏரிகளில் இருக்கும் பாலாமையின் குடும்பம்தான். மற்ற ஆமைகளின் ஓட்டின் மேல் கட்டம் கட்டமாகக் கெட்டியான தகடுகள் இருக்குமே, இவற்றுக்கு அது கிடையாது. எலும்பின் மேல் வழவழப்பான தோல் போர்த்தியிருக்கும், ஓரமெல்லாம் வளைந்துகொடுக்கும். மூக்கு ஒரு சின்னக் குழாயாக நீண்டிருக்கும். சேற்றுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, அந்தக் குழாயின் நுனியை மட்டும் தண்ணீருக்கு மேலே காட்டினால் போதும், மூச்சு விட்டுக்கொள்ளும். அதோடு, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தோலாலும் தொண்டையின் உட்சவ்வாலும் ஓரளவு எடுத்துக்கொள்ளவும் இந்தக் குடும்பத்து ஆமைகளால் முடியும். கெட்டி ஓடு இல்லாத குறையை வேகமும் கடியும் ஈடுகட்டிவிடுகின்றன. மென்னோட்டு ஆமையைப் பிடித்த மீனவர் எவரும் அதன் வாய்ப்பக்கம் விரலைக் கொண்டுபோக மாட்டார்.

அப்பேர்ப்பட்ட பிராணி சிட்டகாங் குளத்தில் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து வியந்தவர்களில் நெல்சன் அனண்டேலும் ஒருவர். பின்னாளில், 1916-இல், இந்திய விலங்கியல் ஆய்வகத்தை நிறுவி அதன் முதல் இயக்குநரானவர். 1914-இல் அவரும் சமஸ்கிருத அறிஞர் ஹரப்பிரசாத் சாஸ்திரியும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தியாவிலும் பர்மாவிலும் மிச்சமிருக்கும் ஆமை வழிபாடுதான் அதன் பொருள். விலங்கியல்காரரும் சாஸ்திரம் படித்தவரும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சேர்ந்து எழுதியது நல்ல காரியம். அந்தக் காலத்தில் அறிஞர்களுக்கு இப்படி ஒரு சௌகரியம் இருந்தது. இன்று இருவரையும் ஒரே கருத்தரங்குக்கு அழைப்பதே பாடு. அந்தக் கட்டுரையில் சிட்டகாங் குளம் இப்படித் தெரிகிறது: கூப்பிட்டால் ஆமைகள் வருகின்றன. படியின் விளிம்பில் முன்கால்களை ஊன்றிக் கழுத்தை நீட்டுகின்றன. குச்சியில் குத்திக் கொடுக்கும் கோழிக்கறித் துண்டுகளை வாங்கித் தின்கின்றன. இந்தக் காட்சி பெரிதாக மாறவில்லை. இன்றும் தர்காவுக்கு வருகிறவர்கள் ரொட்டியும் வாழைப்பழமும் மூங்கில் குச்சியில் செருகிய இறைச்சியும் கொடுக்கிறார்கள். முழு வளர்ச்சியடைந்த ஆமை சாவகாசமாக மேலே வருகிறது; அதன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களும் உண்டு.

அந்த தர்கா பாயஜீத் பிஸ்தாமி என்ற பாரசீக சூஃபி ஞானியின் பெயரில் இருக்கிறது. அவர் ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர். அடக்கமானது ஈரானில் உள்ள பிஸ்தாம் ஊரில். சிட்டகாங்குக்கு வந்தாரா என்பது வரலாற்றாசிரியர்களின் விவகாரம். பக்தர்களின் கதையில் வந்தார். அங்கே தொல்லை கொடுத்த கெட்ட ஆவிகளைச் சபித்து ஆமைகளாக்கிக் குளத்தில் விட்டார். ஆக, குளத்தில் இருப்பவை புனிதப் பிராணிகள் அல்ல, தண்டனை அனுபவிப்பவை. அவற்றைத் துன்புறுத்துவது ஞானியின் தீர்ப்பில் குறுக்கிடுவதாகும். கொல்லவும் கூடாது, பிடித்துக்கொண்டு போகவும் கூடாது.

இருபதாம் நூற்றாண்டு முழுவதும் விலங்கியல் நூல்கள் இந்த இனத்துக்கு அந்த ஒரே குளத்தைத்தான் இருப்பிடமாகச் சொல்லிவந்தன. ஆற்றில் இருந்த ஆமைகள் எல்லாம் போய், குளத்தில் இருப்பவை மட்டும் தங்கிவிட்டன என்று நினைத்தார்கள். 2002-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இதை ‘இயற்கைச் சூழலில் அற்றுப்போனது’ என்று குறித்தது. ஓர் இனத்தின் மொத்தப் பிழைப்பும் ஒரு நகரத்துக் குளத்தில், அதுவும் ஒரு கதையின் தயவில் இருப்பதாக உலகம் நம்பிய காலம் அது.

கதை அங்கே முடியவில்லை. சிட்டகாங்கிலிருந்து வடக்கே, அசாமில், கோயில் குளங்களில் ஆமைகள் இருப்பது யாருக்கும் ரகசியமல்ல. குவாஹாட்டியின் காமாக்யா கோயிலில் உண்டு. உக்ரதாரா கோயிலில் உண்டு. பிரம்மபுத்திராவைத் தாண்டி ஹாஜோ ஊரில், ஹயக்ரீவ மாதவர் கோயில் குளத்திலும் உண்டு. அவற்றில் எது எந்த இனம் என்று பார்த்தவர்கள் குறைவு. காரணம் எளிது. கங்கை மென்னோட்டு ஆமை, மயில் மென்னோட்டு ஆமை என்று இதற்கு இரண்டு நெருங்கிய உறவுகள் அதே ஆற்றுப்படுகையில் உண்டு. மயில் ஆமைக் குஞ்சின் முதுகில் கண்கள் போன்ற வட்டங்கள் அழகாகத் தெரியும். வயதாக ஆக மங்கிப்போகும். சேறு பூசிய கிழட்டு ஆமையைக் கரையில் நின்று பார்த்து இனம் சொல்வது நிபுணருக்கே சிரமம்.

மரபணு ஆய்வு வந்த பிறகு அந்தச் சிரமம் தீர்ந்தது. 2007-இல் பீட்டர் பிராஷாக்கும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, சிட்டகாங் தர்கா ஆமைகளையும் அசாமிலிருந்து கிடைத்த ஆமைகளையும் மரபணு வழியாக ஒப்பிட்டது. காமாக்யா குளத்தில் இருந்தது அதே கறுப்பு ஆமை. குளத்துக்கு வெளியே, பிரம்மபுத்திராப் படுகையிலும் அதே இனம் உயிரோடிருந்தது. ‘அற்றுப்போனது’ என்ற தீர்ப்பு தவறு. இன்று பட்டியலில் இது ‘மிக அபாயகரமான நிலையில் உள்ளது’ என்ற பிரிவில் இருக்கிறது. பெரிய முன்னேற்றம் என்று கொண்டாட ஒன்றுமில்லை. சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பாதி தூரம் திரும்பி வந்த கதை.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது அசாமில் சொல்லப்படும் காரணம். ஹாஜோவில் ஆமை திருமாலின் கூர்ம அவதாரம். சிட்டகாங்கில் அது சபிக்கப்பட்ட ஆவி. ஒரே இனம், ஒரு பக்கம் கடவுள், மறுபக்கம் குற்றவாளி. ஹாஜோ கோயிலை 1583-இல் கோச் மன்னர் ரகுதேவ நாராயணன் திருப்பிக் கட்டினார். பௌத்தர்களும் அங்கே யாத்திரை வருகிறார்கள், புத்தர் பரிநிர்வாணம் அடைந்த இடம் அதுதான் என்ற நம்பிக்கை அவர்களில் சிலருக்கு உண்டு. அதே ஊரில் முஸ்லிம்கள் போற்றும் போவா மக்கா தர்காவும் இருக்கிறது. தத்துவம் எத்தனை திசையில் பிரிந்தாலும் ஆமையைப் பொறுத்தவரை விளைவு ஒன்று: கை வைக்காதே.

மதங்கள் விலங்குகளைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பேச ஆரம்பித்தால் மேற்கோள்களுக்குப் பஞ்சமிருக்காது. மனிதன் பூமியின் பொறுப்பாளன் என்ற கருத்து இஸ்லாமிய மரபில் இருக்கிறது. 2015-இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல் உயிரினங்களின் அழிவுக்கென்று ஒரு பகுதியையே ஒதுக்கியது. நம் பக்கத்து அகிம்சைப் பேச்சு எல்லோரும் அறிந்ததே. எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். ஆனால் இந்த ஆமைகள் பிழைத்தது அந்த வார்த்தைகளால் அல்ல. வெள்ளிக்கிழமை வாழைப்பழம் வாங்கிவந்த அம்மா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ‘பார், பார்’ என்று காட்டிய அப்பா, கல்லெறிந்த பையனை அதட்டிய, தர்காவைப் பராமரிக்கும் முஜாவர் என்று யார் யாரோ செய்த சில்லறைக் காரியங்களால் பிழைத்தன. குளத்தின் மேல் எப்போதும் யாராவது ஒருவர் கண் இருந்தது.

அதன் மதிப்பு என்ன என்று தெரிய வேண்டுமானால், அந்தக் கண் இல்லாத இடத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவின் ரோட்டி தீவில் பாம்புக் கழுத்துள்ள ஒரு நன்னீர் ஆமை 1994-இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அறிவிப்பு வந்ததும் வெளிநாட்டு ஆமைப் பிரியர்களிடம் அதற்கு விலை ஏறியது. பிடித்துப் பிடித்து விற்றார்கள். சில ஆண்டுகளில் தீவில் தேடினாலும் கிடைக்காத நிலை. தெற்குச் சீனத்தில் ஒரு குகைப் பல்லிக்கும் இதே கதி. 1999-இல் அதை விவரித்தார்கள். அது கிடைத்த இடத்திலேயே சில ஆண்டுகளில் அது இல்லாமல் போனது. விலங்கு வியாபாரிகளும் ஆய்விதழ் படிக்கிறார்கள். இன்னும் சொன்னால், சில பேராசிரியர்களைவிட ஒழுங்காகப் படிக்கிறார்கள். அதன் பிறகு, வியாபார மதிப்புள்ள இனங்களை விவரிக்கும் ஆய்வாளர்கள் பலர் சரியான இடத்தைக் கட்டுரையில் போடுவதை நிறுத்திக்கொண்டார்கள். கேட்பவர் உண்மையான ஆய்வாளரா என்று பார்த்துத்தான் சொல்கிறார்கள். இருநூறு வருட வழக்கத்தை அறிவியல் தானாகவே முறித்துக்கொண்டது.

இப்போது சிட்டகாங்கை நினைத்துப் பாருங்கள். அந்த ஆமையின் முகவரி 1875 முதல் அச்சில் இருக்கிறது. பொதுவழிபாட்டு இடம், எவரும் போகலாம், ஆமையோ கூப்பிட்டால் கிட்ட வருகிறது. திருட இதைவிட எளிதான பிராணி உலகத்தில் இருக்க முடியாது. ரோட்டி தீவின் ஆமைக்கு முகவரியே எமனானது. இதற்கு ஆகவில்லை. ரகசியம் காப்பாற்றாத இடத்தில் சாட்சிகள் காப்பாற்றினார்கள்.

நம்பிக்கை என்றால் எப்போதும் காப்பாற்றும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்ச்சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஊழியத்தோடு மீன், சிப்பி, பாம்பு எல்லாம் சேகரித்தார். பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் புளோக்குக்குக் கூடை கூடையாக மீன் மாதிரிகள் அனுப்பினார். இறைவனின் படைப்பை அறிவதும் ஊழியமே என்பது அந்தத் தலைமுறை மிஷனரிகளின் எண்ணம். பாம்புகளைப் பற்றிய நூலில் பாட்ரிக் ரசல் 1801-இல் ஒரு புதிய இனத்துக்கு ஜானின் பெயரை வைத்தார். அறிவியலுக்குத் தரங்கம்பாடியிலிருந்து போன அந்தப் பாம்பு வேறெதுவும் இல்லை, நம் மண்ணுளிப் பாம்புதான். இருதலை மணியன் என்றும் சொல்வோம். வால் மழுங்கலாகத் தலைபோல இருக்கும். எதிரி வந்தால் தலையை உடம்புக்கடியில் மறைத்து வாலைத் தூக்கிக் காட்டும். அடி விழுந்தாலும் வாலில்தான் விழும். அந்தத் தந்திரமே அதற்கு வினையாயிற்று. நக்கினால் குஷ்டம் வரும் என்று ஒரு கூட்டம் அடித்துக் கொல்கிறது. வீட்டில் வைத்தால் பணம் கொட்டும், எடை கூடக் கூட விலை கோடிக்குப் போகும் என்று இன்னொரு கூட்டம் பிடித்துக் கடத்துகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். சாக்குப்பைக்குள் பாம்பும் தராசுமாகப் பிடிபட்டவர்களின் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது.

ஆமையையும் இந்தப் பாம்பையும் சுற்றியிருப்பது நம்பிக்கைதான். வித்தியாசம், பயனை எங்கே எதிர்பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆமை குளத்தில் இருந்தால்தான் புண்ணியம். பாம்பு என் வீட்டுக்கு வந்தால்தான் அதிர்ஷ்டம்.

சரி, குளத்து ஆமைகள் பத்திரமாக இருக்கின்றன, இனம் பத்திரமா? இங்கேதான் பக்தர்களும் விலங்கியல்காரர்களும் கொஞ்சம் பிரிகிறார்கள். பக்தர் பார்ப்பது கண்ணெதிரே கழுத்தை நீட்டும் இந்த ஆமையை. அது கொழுகொழுவென்று இருக்கிறது, நூறு வயது என்கிறார்கள், மனம் நிறைகிறது. ஆய்வாளர் தேடுவது அது போட்ட முட்டையை. மென்னோட்டு ஆமை தண்ணீரில் முட்டையிடாது. பெண் ஆமை கரையேறி, மணலோ பொலபொலப்பான மண்ணோ உள்ள இடத்தில் பின்கால்களால் குழி தோண்டி, பிங்பாங் பந்து போன்ற உருண்டை முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகும். பக்தர்கள் கூட்டம் பெருகி, நன்கொடை பெருகி, குளத்தை ‘அழகுபடுத்தும்’ திட்டம் வந்ததும் முதலில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர், படித்துறை, டைல்ஸ், கைப்பிடிக் கம்பி. ஆமை ஏற மண் இல்லை. கிழட்டு ஆமைகள் இன்னும் பல்லாண்டு வாழும், பொரி தின்னும், எல்லாம் நலம் போலவே தோன்றும். ஆமைகள் நீண்ட ஆயுள் கொண்டவை என்பதால் இந்த ஏமாற்று வெளியே தெரிய ஒரு தலைமுறைக் காலம் ஆகும்.

இரண்டாவது சிக்கல் இரத்த உறவு. அடைபட்ட குளத்தில் சில நூறு ஆமைகள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே இனம்பெருக்கினால் மரபணு வேறுபாடு தேயும். ஒரு புது நோய் வந்தால் எல்லாமே ஒரே மாதிரி பாதிக்கப்படலாம். ஆற்றில் இருந்தால் வெள்ளம் ஒரு படுகையின் ஆமையை இன்னொரு படுகைக்குக் கொண்டுபோய்க் கலக்கும். குளத்துக்கு வெள்ளம் வருவதில்லை. தீனியும் அப்படித்தான். மீன், நத்தை, செத்த பிராணி என்று ஆற்றில் தேடித் தின்ன வேண்டிய உடம்புக்கு நாம் பிரெட்டும் இனிப்பும் கொடுக்கிறோம். நம் கோயில் குளத்து மீன்களுக்குப் பொரியைக் கொட்டும்போதும் தின்றது போக மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கிறது. யாரும் அதைப் பாவக்கணக்கில் எழுதிக்கொள்வதில்லை.

பிராணியை மட்டுமல்ல, இனத்தையும் காப்பது எப்படி என்ற கேள்வியை மெக்ஸிகோவில் ஒரு கன்னியர் மடம் வேறு வழியில் சந்தித்தது. பாட்ஸ்குவாரோ ஏரியில் மட்டும் வாழும் அச்சோக்கே என்ற சாலமாண்டர், வளர்ந்த பின்னும் செவுள்களோடு தண்ணீரிலேயே இருக்கும் பிராணி. அதிலிருந்து இருமலுக்கு ஒரு பாகு காய்ச்சி விற்பது அந்த ஊரின் டொமினிக்கன் கன்னியர்களுக்குப் பரம்பரைத் தொழில். ஏரியில் கெண்டையும் அந்நிய மீன்களும் விடப்பட்டு, சாக்கடை கலந்து, அச்சோக்கே அருகியபோது, அவர்கள் மடத்துக்குள்ளேயே தொட்டி வைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். மருந்துக்காக ஆரம்பித்தது இனத்தின் காப்பகமாக முடிந்தது. மிச்சோகான் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சியகமும் இன்று அவர்களோடு வேலை செய்கின்றன. அங்கியை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டித் தண்ணீர் மாற்றும் அந்தக் கன்னியர்கள் முட்டைக் கணக்கும் வைக்கிறார்கள். ஜெபத்தோடு பதிவேடும் சேர்ந்துகொண்டது. ஏரி மட்டும் இன்னும் சரியாகவில்லை. பிராணி தயார், திரும்பிப் போக வீடு தயாரில்லை.

அசாமில் வீடு இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதுதான் ஆறுதல். ஹாஜோவில் குளக்கரை மண்ணில் ஆமை முட்டையிட்டதும், கோயிலில் அவற்றைப் பார்த்துக்கொள்பவர் கவனமாகத் தோண்டி எடுத்துப் பொரிப்புப் பெட்டிக்கு மாற்றுகிறார். நாய்க்கும் காகத்துக்கும் தப்பிய அந்த முட்டைகளிலிருந்து வந்த 35 குஞ்சுகளை 2019 ஜனவரியில் பக்கத்துச் சரணாலயம் ஒன்றில் விட்டார்கள். அவற்றில் 16 கறுப்பு மென்னோட்டு ஆமைகள். கோயில் நிர்வாகம், வனத்துறை, ஆமை ஆய்வாளர்கள் எல்லோரும் கைசேர்ந்த காரியம். சாமியின் அவதாரத்தைக் குளத்திலிருந்து வெளியே அனுப்பச் சம்மதித்ததுதான் இதில் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் பக்தியின் இயல்பு, தன்னருகே வைத்துக்கொள்வது. அனுப்பிவைப்பதும் சேவைதான் என்று அங்கே யாரோ பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், கேட்கிறவர்களும் இருந்திருக்கிறார்கள்.

விட்ட குஞ்சுகளுக்கு ஆற்றில் பூச்செண்டு காத்திருக்கவில்லை. பிரம்மபுத்திராப் படுகையில் ஆமைக்கறி விரும்பிகள் உண்டு. மீன்வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாவதும் உண்டு. முட்டையிட வேண்டிய மணல்திட்டுகளுக்கு வேறு தேவைக்காரர்களும் உண்டு. கோயில் வாசலைத் தாண்டியதும் அது யாருடைய அவதாரமும் அல்ல, கிலோ கணக்கில் இறைச்சி. அதனால் ஆய்வாளர்கள் இப்போது இரண்டு பக்கமும் வேலை செய்கிறார்கள். ஆற்றோர ஊர்களில் மீனவர்களோடு பேச்சு. கோயில் குளங்களில் எது எந்த இனம் என்ற மரபணுச் சோதனை. கலந்து கிடக்கும் மூன்று இனங்களில் தவறானதைத் தவறான இடத்தில் விட்டுவிடக் கூடாது அல்லவா? கோயில் நிர்வாகங்களிடம் வைக்கும் கோரிக்கையோ ரொம்பச் சின்னது. குளத்தைச் சுற்றி எவ்வளவு வேண்டுமானாலும் படி கட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கரையில் மட்டும் சிமென்ட் போடாமல் மண்ணை விட்டுவையுங்கள்.